அப்பாவுக்கு 32 வருட வெல்டிங், கண்ணில் சதை வளர்கிறது. புற்றுநோய் ஆகுமா?

பட்டறைப்பையன்

வணக்கம். கொஞ்சம் பதற்றத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கோவையில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். வயது 56. முதன்முதலில் வெல்டிங் ராடு பிடித்தது 24 வயதில். வலது கண்ணில், மூக்கை ஒட்டிய ஓரத்தில், ஏழெட்டு வருடமாக ஒரு சிவப்புச் சதை இருக்கிறது. முன்பு வெள்ளையில் மட்டும் இருந்தது. இப்போது கறுப்பு முழி மேல் ஏற ஆரம்பித்திருக்கிறது. வலி இல்லை. காற்று அடித்தால் உறுத்துகிறது, சாயங்காலம் சிவந்துபோகிறது.

போன வாரம் குடும்ப வாட்ஸாப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தியைத் தட்டிவிட்டார். வெல்டிங் வெளிச்சத்தால் கண்ணில் கேன்சர் வரும், உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது என்று. அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. அப்பா அசரவில்லை. "வெளிச்சம் பட்டவனுக்கெல்லாம் கேன்சர் வந்தா இந்த ஊர்ல ஒருத்தன் மிஞ்ச மாட்டான்" என்கிறார்.

அவர் வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நீளமாக ஓட்டும்போது கை ஷீல்டு பிடிப்பார். டேக் வைக்கும்போது, அதாவது துண்டுகள் நகராமல் இருக்க அங்கங்கே சின்னதாக ஒட்டும்போது, அதெல்லாம் கிடையாது, கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். அவ்வளவுதான்.

அந்தச் செய்தி உண்மையா? இந்தச் சதைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

மூக்குக்கண்ணாடி

தம்பி, நான் கண் பரிசோதகராக 14 வருடம் வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை. படம் பார்த்தோ எழுத்தைப் படித்தோ நோய் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் வர்ணனை நாங்கள் தினமும் பார்க்கும் ஒன்று: டெரிஜியம். முக்கோண வடிவில், பூச்சியின் இறக்கை மாதிரி, வெள்ளை விழியிலிருந்து கருவிழி நோக்கி நகரும் சதை. இது புற்றுநோய் இல்லை. வெயில், தூசி, காற்று இந்த மூன்றிலும் புழங்குகிறவர்களுக்கு வருவது. புற ஊதாக் கதிர்தான் முக்கியக் காரணம்.

மூக்குப் பக்கமே ஏன் வருகிறது என்று பலர் கேட்பார்கள். மூக்கு நிழல் கொடுக்கிறதே, அந்தப் பக்கம் குறைவாக அல்லவா படவேண்டும்? ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் கொரோனியோ 1990களில் விளக்கியது இது. நெற்றிப்பொட்டுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியை, வளைந்த கருவிழி ஒரு பூதக்கண்ணாடிபோல் குவித்து எதிர் ஓரத்தில் இறக்குகிறது. அதாவது மூக்குப் பக்க ஓரத்தில். அந்த இடத்தில் ஒளி 20 மடங்கு வரை செறிவாகும் என்று அவர் கணக்கிட்டார். அதனால் முன்னால் மட்டும் மறைக்கும் கண்ணாடி போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பக்கவாட்டில் நிற்கும் ஹெல்பருக்கும் இதே கதைதான்.

உங்கள் பதிவில் ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது. ஏழெட்டு வருடம் சும்மா இருந்தது இப்போது நகர்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் கருவிகொண்டு பார்த்துவிட வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்.

சந்தேகப்பேர்வழி

இந்தப் பீதியை யாராவது நிறுத்துங்களேன். சூரியன் நேற்று முளைத்ததா? நம் தாத்தா, பாட்டன் எல்லாம் கோவணத்தோடு வயலில் நின்றார்கள்.

நானும் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். கண்ணுக்குள் வரும் மெலனோமா என்ற புற்றுநோய் ஐரோப்பாவில் எங்கே அதிகம்? நார்வே, டென்மார்க். அங்கே ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 8க்கு மேல். ஸ்பெயினிலும் தெற்கு இத்தாலியிலும் 2க்கும் கீழ். ஆறு மாதம் வெயிலே எட்டிப் பார்க்காத ஊரில் அதிகம், வெயில் காயும் ஊரில் குறைவு. அப்புறம் எப்படி வெயில் குற்றவாளி ஆகும்?

நுண்ணோக்கி

சந்தேகப்பேர்வழி சொன்ன எண்கள் சரி. அதிலிருந்து எடுத்த முடிவு பாதி சரி. நான் திசுப் பரிசோதனை ஆய்வகத்தில் இருக்கிறேன், வெட்டி எடுத்த சதை கடைசியில் எங்கள் மேசைக்குத்தான் வரும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

"கண் புற்றுநோய்" என்று ஒரே பெயரில் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பம். கண்ணின் மேல்தோலில் வருவது வேறு, உள்ளே வருவது வேறு, இமையில் வருவது வேறு, குழந்தைக்கு வருவது முற்றிலும் வேறு. கடைசியில் சொன்னதை முதலில் தள்ளிவிடுகிறேன். ரெட்டினோபிளாஸ்டோமா சிறு குழந்தைகளுக்கு மரபணுக் கோளாறால் வருவது, வெளிச்சத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஃபோட்டோவில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே ஓடுங்கள். இந்த இழைக்கு அது போதும்.

இப்போது மேல்தோல். வெள்ளை விழியும் கருவிழியும் சேரும் வட்ட ஓரத்தில் வரும் செதிற்புற்று. புற ஊதாக் கதிருக்கும் இதற்கும் தொடர்பு வலுவானது. 1996இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு பல நாட்டுப் பதிவேடுகளை ஒப்பிட்டது. நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகை தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் இந்த நோய் 49 சதவீதம் குறைந்தது. உகாண்டாவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 12க்கு மேல், பிரிட்டனில் 0.2க்கும் கீழ். உகாண்டாவில் எச்.ஐ.வி.யும் சேர்ந்துகொண்டது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும், எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் இந்தப் புற்று வேகமாக வரும். அதனால்தான் வயது குறைந்த ஒருவருக்கு இது வந்தால் நம் மருத்துவர்கள் எச்.ஐ.வி. பரிசோதனையும் எழுதுவார்கள், யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோவை ஏறக்குறைய 11 பாகையில் இருக்கிறது. நார்வேக் கணக்கு நமக்கு இங்கே உதவாது.

மாட்டுக்கும் இது வரும் என்பது ஒரு துணுக்கு. முகம் வெள்ளையான ஹெர்ஃபோர்டு மாடுகளுக்குக் கண்ணிலும் இமையிலும் இந்தச் செதிற்புற்று அதிகம். கண்ணைச் சுற்றிக் கறுப்பு நிறம் உள்ள மாடுகளுக்குக் குறைவு. நிறமி ஒரு குடை, அவ்வளவுதான்.

அடுத்தது உள்ளே வரும் மெலனோமா. சந்தேகப்பேர்வழி பேசியது இதை. வெள்ளையரிடம் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் 5, 6 பேர். நம் நிறத்தாரிடம் இன்னும் அரிது. வெளிர் நிறக் கண், வெளிர் தோல் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல், வடக்கில் அதிகமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தக் கட்டிகளில் பெரும்பாலும் ஜி.என்.ஏ.கியூ அல்லது ஜி.என்.ஏ.11 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். தோல் மெலனோமாவில் புற ஊதாக் கதிர் விட்டுச்செல்லும் கைரேகை ஒன்று உண்டு, டி.என்.ஏ.வில் தெளிவாகத் தெரியும். கண்ணின் பின்புறக் கட்டிகளில் அந்த ரேகை பொதுவாக இல்லை. முன்னால், கண்மணியைச் சுற்றி வெளிச்சம் நேராகப் படும் நிற வளையமான ஐரிஸில் வரும் மெலனோமாவில் அது தென்படுகிறது. காரணம் எளிது. கருவிழியும் லென்ஸும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், பெரியவர்களுக்கு விழித்திரைவரை போவது சொற்பம்.

சந்தேகப்பேர்வழி

ஆக, நான் சொன்னது சரி என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நன்றி. அப்படியானால் உலக சுகாதார நிறுவனம் வெல்டிங்கைப் பற்றிச் சொன்னது பொய்யா?

நுண்ணோக்கி

பொய்யில்லை. அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சூரிய ஒளியை 1992இலேயே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்தது. வெல்டிங் புகையையும் வெல்டிங்கில் வரும் புற ஊதாக் கதிரையும் 2017இல் அதே பிரிவில் வைத்தார்கள். கதிருக்குக் காட்டிய நோய் கண் மெலனோமாதான். தோலைக் கறுப்பாக்க வெள்ளையர்கள் படுத்துக்கொள்ளும் விளக்குப் படுக்கைக்கும் கண் மெலனோமாவோடு தொடர்பு உண்டு என்றார்கள். ஆனால் வெயிலுக்கும் கண் மெலனோமாவுக்கும் வரும்போது "தொடர்பு தெரிகிறது" என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள்.

முதல் பிரிவு என்றால் ஆபத்து மிகப் பெரியது என்று பொருள் இல்லை. ஆதாரம் உறுதியானது என்று பொருள். புகையிலையும் அதே பிரிவு, பதப்படுத்திய இறைச்சியும் அதே பிரிவு. மிக அரிதான ஒரு நோய் இரண்டு மடங்கானாலும் அது அரிதான நோய்தான். சித்தப்பா அனுப்பிய செய்தியில் இந்த வரி இருந்திருக்காது.

அந்தக் கதிர் வெல்டரின் கண்ணுக்குள் எப்படிப் போகிறது என்பதில் இன்னும் வாதம் இருக்கிறது. வெல்டிங் ஒளியில் நீலமும் மிகுதி, அது விழித்திரைவரை போகும். ஒருவேளை அதற்கும் பங்கு இருக்கலாம். என் கணிப்பு என்று கேட்டால், நம் ஊர் வெல்டர் முதலில் கவலைப்பட வேண்டியது மெலனோமாவைப் பற்றி அல்ல. மேற்பரப்பையும் கண்புரையையும் பற்றித்தான்.

ஆர்க்மணி

25 வருடம் வெல்டிங்தான் சோறு போட்டது. திருச்சிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் வேலை. தம்பி, உங்கள் அப்பா டேக் வைக்கும்போது கண்ணை மூடுவதாகச் சொன்னதும் சிரிப்பு வந்தது, நானும் பத்து வருடம் அப்படித்தான். தொழில் பழகும்போது அதையே ஒரு வித்தையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆர்க் பிடிப்பதற்கும் இமை மூடுவதற்கும் நடுவில் நாளைக்கு இருநூறு தடவை வெளிச்சம் உள்ளே போய்விடும். இமைத் தோல் வெந்துபோவது தனி.

ஆர்க், அதாவது வெல்டிங் வெளிச்சம், கண்ணில் அடித்த இரவு எப்படி இருக்கும் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்த பிறகு நடுராத்திரியில் கண்ணுக்குள் ஒரு பிடி மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆரம்பிக்கும். உருளைக்கிழங்கை அறுத்து வைப்பார்கள், தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள். எதுவும் செய்யாவிட்டாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும், பெயர் கிழங்குக்குப் போகும்.

இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் போடவேண்டும். மருந்துக்கடையில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் விடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. என் கூட்டாளி ஒருவருக்குக் கருவிழி புண்ணாகிப் பார்வையே மங்கிவிட்டது. அது மருத்துவர் தன் அறையில் ஒரு சொட்டு விடுவதற்கு உள்ளது, சட்டைப் பையில் வைத்துக்கொள்வதற்கு இல்லை.

ஷீல்டு கண்ணாடிக்கு நம்பர் உண்டு. 100, 150 ஆம்பியரில் ராடு வேலைக்கு 10ஆம் நம்பர் வேண்டும். தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள், இரண்டு கையும் காலியாக இருக்கும், டேக்குக்கும் கழற்ற வேண்டியதில்லை. தரமான ஹெல்மெட்டில் பேட்டரி தீர்ந்தாலும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு வேலை செய்யும், கறுப்பது மட்டும்தான் நிற்கும். அப்புறம் வேலை செய்யும் இடத்தைச் சுற்றி ஒரு திரை. அலுமினியம் டிக் வெல்டிங் செய்தால் இன்னும் கவனம், சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே போதும்.

மூக்குக்கண்ணாடி

ஆர்க்மணி அண்ணா, மரத்துப்போகும் சொட்டு பற்றி எழுதியதற்கு நன்றி. நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டு வெல்டிங் செய்தவருக்கு லென்ஸ் உருகிக் கண்ணோடு ஒட்டிக்கொண்டது என்று ஒரு பழைய கதை சுற்றும். அது கட்டுக்கதை. யாராவது இங்கே கொண்டுவருவதற்குள் சொல்லிவிட்டேன்.

கடலோரத்தான்

வெல்டிங் மட்டுமா? எங்கள் பாம்பன் பக்கம் கடலுக்குப் போகிறவர்களில் ஒரு பெரியவரையாவது கண்ணில் சதை இல்லாமல் காட்டுங்கள் பார்ப்போம். மேலிருந்து ஒரு சூரியன், தண்ணீரிலிருந்து ஒரு சூரியன். என் மாமாவுக்கு அறுத்து எடுத்தார்கள், ஒன்றரை வருடத்தில் திரும்ப வளர்ந்துவிட்டது. அறுத்தால் புற்று ஆகிவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?

நுண்ணோக்கி

அறுப்பதால் புற்று ஆகாது. சும்மா அறுத்துவிட்டு அந்த இடத்தைத் திறந்தபடி விட்டால் திரும்ப வளர்வது மிக அதிகம். இப்போது மேல் இமைக்குக் கீழ் உள்ள வெண்படலத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்து அந்த இடத்தில் ஒட்டுகிறார்கள், திரும்ப வருவது நன்றாகக் குறைந்துவிட்டது.

ஆனால் அறுத்த சதையைக் குப்பையில் போடாமல் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். டெரிஜியம் என்று நினைத்து எடுத்ததில் சில சமயம் செதிற்புற்றின் ஆரம்பநிலை ஒளிந்திருக்கும். கண்ணால் பார்த்தே சந்தேகப்படவும் சில அடையாளம் உண்டு. தட்டையாக இல்லாமல் மேடாக, ஜெல்லி மாதிரி இருப்பது, மேலே வெள்ளைச் செதில் படிவது, தடித்த ரத்தக் குழாய்கள் அதை நோக்கி ஓடுவது, சில மாதங்களில் கிடுகிடுவென வளர்வது. ஆரம்பத்தில் பிடித்தால் இது பயப்பட வேண்டிய நோய் இல்லை. சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல திசுவோடு சேர்த்து எடுத்து, ஓரத்தை உறையவைப்பார்கள். சிலருக்கு அறுவையே இல்லாமல் சொட்டு மருந்தில் கரைக்கிறார்கள்.

கடல் வேலைக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் செசபீக் வளைகுடாவில் நன்றாக ஆராய்ந்தார்கள். நண்டும் சிப்பியும் பிடிக்கும் 838 பேர். 1988இல் வெளியான முடிவு: வாழ்நாளில் படும் புற ஊதா பி கதிர் இரண்டு மடங்கானால், லென்ஸின் ஓரத்தில் தொடங்கும் கண்புரைக்கான ஆபத்து 60 சதவீதம் கூடுகிறது. உங்கள் மாமாவுக்குப் புரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெர்த்மல்லிகை

ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து எழுதுகிறேன், வந்து 11 வருடம். இங்கே பள்ளியில் தொப்பி இல்லாவிட்டால் விளையாட விடமாட்டார்கள். சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று 1981இல் ஆரம்பித்த விளம்பரம். 2007இல் நிழல் தேடு, கறுப்புக் கண்ணாடி மாட்டு என்ற இரண்டையும் சேர்த்தார்கள். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது, நம் தோலுக்கு எதற்கு இதெல்லாம் என்று. பிறகு என் வீட்டுக்காரருக்கே கண்ணில் சதை வந்தது. தோல் கறுப்பாக இருக்கலாம், வெள்ளை விழி எல்லோருக்கும் வெள்ளைதானே.

இங்கே விற்கும் கறுப்புக் கண்ணாடியில் 0 முதல் 4 வரை வகை எண் ஒட்டியிருக்கும், சட்டப்படி கட்டாயம். 4 போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. ஊருக்கு வரும்போது ரயில்நிலைய வாசலில் 100 ரூபாய்க்கு விற்கும் கண்ணாடியை வாங்கலாமா?

மூக்குக்கண்ணாடி

அக்கா, விலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கறுப்பு வேறு, புற ஊதாத் தடுப்பு வேறு. தடுப்பே இல்லாத கறுப்புக் கண்ணாடி சும்மா இருப்பதைவிட மோசமாகலாம். இருட்டு என்று கண்மணி விரியும், கண்ணைச் சுருக்குவதும் நின்றுபோகும், கதிர் தாராளமாக உள்ளே நுழையும். பாலிகார்பனேட் லென்ஸ் நிறமே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் நன்றாகத் தடுக்கும். யுவி 400 என்று எழுதியிருக்க வேண்டும், 400 நானோமீட்டர் வரை தடுக்கும் என்று பொருள். எழுதியதை நம்பாவிட்டால் அருகில் உள்ள கண்ணாடிக் கடையில் மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எங்களிடம் கொண்டுவந்தால் காசு வாங்குவதில்லை. போலரைஸ்டு என்பது கண்கூச்சத்துக்கு, அது வேறு சங்கதி.

உச்சி வெயிலில் மட்டும் போட்டால் போதும் என்று நினைப்பதும் தப்பு. ஜப்பானில் கனசாவா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பொம்மைத் தலையின் கண்ணில் உணரி வைத்து அளந்தார்கள். கோடை மாதங்களில் கண்ணில் அதிகம் பட்டது காலை 8 முதல் 10 வரையிலும் மாலை 2 முதல் 4 வரையிலும். உச்சியில் சூரியன் நிற்கும்போது புருவ மேடு நிழல் தருகிறது, சாய்வாக வரும்போது நேராகக் கண்ணுக்குள். வட்டமாக விளிம்பு வைத்த தொப்பி இதில் ஏறக்குறைய பாதியைக் குறைக்கும். கடலோரத்தான் ஊர்ப் பெரியவர்கள் கட்டும் தலைப்பாகையை நெற்றிக்கு முன்னால் கொஞ்சம் இழுத்துவிட்டாலே நல்லது.

சந்தேகப்பேர்வழி

தலைப்பாகை. இதைத்தான் என் தாத்தாவும் செய்தார். நான் சொன்னேனா இல்லையா?

மூக்குக்கண்ணாடி

சொன்னீர்கள். கோவணம் என்று சொன்னீர்கள்.

பட்டறைப்பையன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி, அம்மாவுக்கு இந்த இழையை முழுதும் படித்துக் காட்டினேன்.

முதலில் பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த நாளே எடுத்துவிடலாம் என்றார்கள். சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டதற்கு "அதெல்லாம் தேவையில்லை" என்று பதில். நுண்ணோக்கி எழுதியது ஞாபகம் இருந்ததால் வேறு இடம் போனோம். அங்கே மஞ்சள் நிறச் சொட்டு விட்டு, நீல விளக்கில் பார்த்து, படம் எடுத்து, கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு உள்ளேயும் பார்த்தார்கள். உள்ளே கட்டி எதுவும் இல்லை. புரை ஓரத்தில் ஆரம்பித்திருக்கிறதாம், இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்கள். சதை கண்மணிக்கு 2 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்பதாலும் ஒரு பக்கம் லேசாகத் தடித்திருப்பதாலும் எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். போன செவ்வாய் எடுத்து, ஒட்டுப் போட்டு, சதையை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

நேற்று அறிக்கை வந்தது. டெரிஜியம், எலாஸ்டோடிக் சிதைவு, டிஸ்பிளேசியா இல்லை என்று போட்டிருக்கிறது. "சிதைவு" என்ற சொல்லைப் பார்த்து அம்மா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். கொஞ்சம் விளக்க முடியுமா?

நுண்ணோக்கி

நல்ல அறிக்கை தம்பி. டிஸ்பிளேசியா இல்லை என்றால் செல்கள் தடம் மாறவில்லை, புற்று இல்லை, அதற்கு முந்தைய நிலையும் இல்லை. எலாஸ்டோடிக் சிதைவு என்பது தோலுக்குக் கீழ் உள்ள நார்கள் வெயிலிலும் ஆர்க்கிலும் வெந்து திரிந்துபோன தடம். 32 வருடக் கணக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சொட்டு மருந்தை அவர்கள் சொன்ன வாரக் கணக்குப்படி குறைக்க வேண்டும், சிவப்பு போய்விட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. முதல் ஒரு வருடம் திரும்ப வளர்கிறதா என்று அவ்வப்போது காட்டுங்கள்.

ஆர்க்மணி

மனசு லேசானது. ஹெல்மெட் வாங்கியாயிற்றா?

பட்டறைப்பையன்

வாங்கினேன் அண்ணா, இரண்டாக. ஹெல்பர் பையனுக்கும் ஒன்று. திரையும் தைத்துப் போட்டாயிற்று. அப்பாவை ஒரு மாதம் பட்டறைப் பக்கம் போக வேண்டாம் என்றார்கள், ஐந்தாம் நாளே போய்விட்டார். ராடு பிடிக்கவில்லை. பையன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் டேக் வைக்கும்போதெல்லாம் "ஹெல்மெட்டை இறக்குடா" என்று கத்திக்கொண்டிருக்கிறார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கும் அதே வெளிச்சம்தானே என்றால், "ஆஸ்பத்திரியில கறுப்புக் கண்ணாடி குடுத்திருக்காங்கல்ல" என்கிறார்.

ஆர்க்மணி

அது ஆபரேஷன் கண்ணாடி தம்பி, 10ஆம் நம்பர் இல்லை. நாற்காலியைத் திரைக்கு அந்தப் பக்கம் போடச் சொல்லுங்கள். கத்துவது அங்கிருந்தும் கேட்கும்.